குளத்துப் படியும் லெஜாந்தரும்

காரைக்கால் அம்மையார் கோயில் குளத்துல தண்ணி ஏறினா, எந்தப் படி மட்டமில்லைன்னு தண்ணியே சொல்லிடும். படிபடியா மில்லிங் பண்ணின ஜாபுக்கு யார் சொல்வா? புள்ளி புள்ளியா தொட்டு அளக்கிற சிஎம்எம் மெஷினோட மென்பொருள்தான். படி உயரத்தைக் கழிச்சிட்டு, எல்லாப் புள்ளிக்கும் ஒரே தளத்தைப் பொருத்தும்.

அந்தக் கணக்கு 1954 வரை நம்மூரை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க சரக்கு! வால்நட்சத்திரப் பாதைக்காக 1805-ல் லெஜாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை.

ஆனா மக்களே, அது கோணலைக் கூட்டிக் காட்டலாம், குறைச்சுக் காட்டாது. ஐஎஸ்ஓ கேட்கிறதோ, எல்லாப் புள்ளியும் அடங்குற இரண்டு இணைத்தளங்களோட மிகக் குறைந்த இடைவெளி.

ஒருமுறை எங்க ஜாப் ரிஜெக்ட். முறையை மாத்திப் பார்த்தோம், பாஸ்! திட்டு வாங்கின ஆபரேட்டர் தம்பி மேல தப்பே இல்லை.