வீடும் தொழிலும் வரியும்

கார்வேட்டிநகரத்தைச் சுற்றியுள்ள நாராயணவனம், புத்தூர், நகரி ஆகிய ஊர்களில் நெசவு நெடுங்காலத் தொழில். கைத்தறி நெசவாளன் இல்லத்தில் குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தார் சுற்றுவதும் உலை வைப்பதும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும். அவ்வீட்டில் குடியிருப்பு எவ்வளவு, தொழிற்கூடம் எவ்வளவு? வரி வாங்கும் அரசு இவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று என்பதை அன்பர்கள் அறிதல் நன்று.

பண்டை அரசர்கள் இவ்வினாவை எழுப்பவே இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘தறி இறை’ என்னும் வரியைக் காண்கிறோம். தறி எங்கே நின்றாலும் அதன்மீது வரி உண்டு. எளிய முறைதான், ஆனால் நெய்பவனுக்கு மிஞ்சியது என்ன என்று அது கேட்கவில்லை.

கும்பெனியார் காலத்திலும் நிலைமை திருந்தவில்லை. பொம்மராஜ பாளையம் எனப் பெயர்பெற்ற கார்வேட்டிநகரச் சீமைக்கு 1802இல் நிலையான பேஷ்குஷ் விதிக்கப்பட்டது. நிலவரி இவ்வாறு ஓர் எல்லைக்குள் நின்றது. ஆனால் அவ்வாண்டின் 25ஆம் ஒழுங்குவிதி, உப்பு, சுங்கம், மதுவரி ஆகியவற்றோடு ஆளின்மீதும் தொழிலின்மீதும் விழும் வரிகளையும் கும்பெனியாரின் விருப்பத்துக்கே விட்டுவைத்தது. ஜமீன்தாருக்குக் கிடைத்த உறுதி நெசவாளனுக்குக் கிடைக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் அத்தகைய தொழில்வரிக்கு மோதர்பா என்று பெயர். நெசவாளர், தச்சர், கொல்லர், கடை வைத்தோர் மட்டுமன்றித் தெருவோரம் பொருள் விற்றோரும் அதற்கு ஆளாயினர். கைக்கருவியும் வரிக்குத் தப்பவில்லை. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை சுதேச சங்கம், 1852இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இக்கொடுமையையும் எடுத்துரைத்தது. உழைப்பின் கருவிக்கே வரி என்றால் உழைப்பவன் எங்ஙனம் தழைப்பான்?

1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொணர்ந்தார். ஆண்டு வருமானம் இருநூறு ரூபாய்க்குக் குறைந்தோர் அதினின்று விடுபட்டனர். கருவியை விட்டு வருவாயை நோக்கிய மாற்றம் இது. வருவாய் என்றால் செலவு போக எஞ்சுவது. அப்படியாயின், வாழும் வீட்டிலேயே தொழில் செய்பவனின் வாடகையில் எவ்வளவு தொழிற்செலவு?

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இதற்கு விடை கூறிற்று. தொழில் நடக்கும் இடத்தின் வாடகையைக் கழிக்கலாம். அவ்விடத்தில் தொழில் நடத்துபவரே குடியிருந்தால், குடியிருப்புப் பகுதியின் ஆண்டு மதிப்பை நோக்கி அதிகாரி பங்கை வரையறுப்பார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் இவ்வழியே சென்றது. சதுர அடி என்னாமல் ஆண்டு மதிப்பு என்றது கூர்ந்து நோக்கத்தக்கது. தெருவைப் பார்த்த முன்னறையும் காற்றுப்புகாத பின்னறையும் அளவில் ஒத்திருப்பினும் மதிப்பில் ஒத்திரா. ஆண்டு வாடகை அறுபதாயிரம், தையற்கூடமான முன்னறையின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், இருபதாயிரம் தொழிற்செலவாகும். சொந்த வீடாயின் கழிக்க வாடகை இல்லை. பழுதுபார்த்த செலவில் தொழிற்பகுதிக்கு உரியதைக் கோரலாம்.

பம்பாயிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டின் ஒரு பகுதியில் தையலோ உணவுத் தயாரிப்போ நடத்தும் நம்மவர் பலர் இப்பங்கைக் கோருவதே இல்லை. வாடகைச் சீட்டைப் பாதுகாவாமையே பெரும்பாலும் காரணம்.

சிறு தொழிலுக்கு வேறொரு வழியும் உண்டு. 44ஏடி பிரிவு, 2011-12 மதிப்பீட்டு ஆண்டு முதல், விற்றுமுதலில் நூற்றுக்கு எட்டை இலாபம் எனக் கொள்ளும் முறையைப் பலவகைச் சிறு தொழில்களுக்கும் விரித்தது. அம்முறையைத் தேர்ந்தவர் வாடகையைத் தனியே கழிக்க இயலாது. எது ஆதாயம் என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, பிரிவுகளின் எண்கள் மாறியமைந்தன. ஆதலின் பழைய எண்ணைச் சொல்லித் தேடாமல், ‘குடியிருப்பும் தொழிலும் கலந்த வீடு’ என்று பொருளைச் சொல்லியே கணக்காளரிடம் கேட்பது எளிது.