கோமகன் வெறுத்த கொடி

திருப்பலியில் திராட்சை இரசத்தைக் கிண்ணத்தில் வார்த்து, அதில் சிறிது நீரைக் கலக்கும் குருக்களாகிய நாம், அந்த இரசம் எந்தக் கொடியில் காய்த்தது, எந்த மண்ணில் விளைந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாக, கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம் (1983, எண் 924) கேட்பது. சிவப்பா, வெள்ளையா என்று அது வினவுவதில்லை.

ஆனால் வெளிநாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் வினவினார். தம் பெற்றோரின் மணவாழ்வு வெள்ளிவிழா விருந்தைத் தாம் வாழும் ஊரிலேயே நடத்த விரும்பிய அவர், "சாமி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வாய் சிவப்பு இரசம் கொடுக்க ஆசை. ஆனால் அந்தத் துவர்ப்பு அவர்களுக்கு ஒத்துவராது. துவர்ப்புக் குறைந்த, இலேசான இரசம் எது?" என்று கேட்டார். குருமடத்தில் நாம் பயின்ற இறையியல் நூல்களில் இதற்கு விடை இல்லை. தேடிப் படித்தபோது, ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு திராட்சைக் கொடிக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பின் வரலாறு நம் கண்ணில் பட்டது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

துவர்ப்பின் பிறப்பிடம்

நம் முன்னோர் சுவை ஆறு என வகுத்து, அவற்றுள் துவர்ப்பையும் ஒன்றாக வைத்தனர். கடுக்காயையோ பாக்கையோ மெல்லும்போது நாவும் ஈறும் இறுகுகின்றனவே, அந்த உணர்வே துவர்ப்பு. தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நாடுவது இந்தத் துவர்ப்பொருளுக்காகவே. அறிவியலார் அதற்கு இட்ட 'டானின்' என்ற பெயரும் தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததே.

திராட்சையில் இந்தப் பொருள் தோலிலும் விதையிலும் காம்பிலும் தங்கியிருக்கிறது. சாற்றில் மிகக் குறைவு. வெள்ளை இரசம் பெரும்பாலும் பிழிந்த சாற்றை மட்டும் புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அதில் துவர்ப்புத் தெரிவதில்லை. சிவப்பு இரசமோ தன் நிறத்தையே தோலிடமிருந்துதான் கடன் வாங்குகிறது. தோல் சாற்றில் ஊற ஊற, நிறத்தோடு துவர்ப்பும் இறங்குகிறது. எனவே இலேசான சிவப்பு இரசம் வேண்டுமாயின், தோல் மெலிந்த திராட்சை வேண்டும். அது நெடுநாள் ஊறாமலும் இருக்கவேண்டும். இத்தகைய திராட்சைகளுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று பினோ நுவார், மற்றொன்று கமே. இரண்டுமே பிரான்சு நாட்டின் பர்கண்டி மண்ணோடு பிணைந்தவை. ஆயினும் ஒன்று அரியணையில் அமர்த்தப்பட்டது. மற்றது நாடு கடத்தப்பட்டது.

துறவிகளின் தோட்டம்

பர்கண்டி நம் திருச்சபையின் துறவற வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற நிலம். 910-ஆம் ஆண்டில் க்ளூனி துறவு மடமும், 1098-இல் சீட்டோ மடமும் அங்குத் தோன்றின. புனித பெர்நார்து துறவு பூண்டது சீட்டோவில்தான். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல், துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு 'ஹெமினா' அளவு இரசத்தை அனுமதித்தது. உரோமையர் அளவையில் அது ஏறக்குறைய கால் லிட்டர். துறவிகள் இரசத்தை முற்றும் தவிர்ப்பதே நலம் என்று கருதிய அம்மகான், அதை ஏற்கச் செய்வது அரிது என்பதையும் உணர்ந்து, அளவோடு நிறுத்தச் சொன்னார். திருப்பலிக்கும் உணவறைக்கும் விருந்தினருக்கும் இரசம் தேவைப்பட்டதால் துறவிகள் திராட்சை பயிரிட்டனர். சீட்டோ துறவிகள் உருவாக்கிய வூஜோ என்னும் மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டம், ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பில் இன்றும் இருக்கிறது.

பினோவின் புகழ் பரவியது. போன் என்னும் நகரைச் சுற்றி விளைந்த இரசம், அவிஞ்ஞோனில் திருத்தந்தையர் தங்கியிருந்த காலத்தில் அவர்களுடைய அவையிலும் விரும்பப்பட்டது. கர்தினால்மார் உரோமைக்குத் திரும்பத் தயங்குவதற்குப் போன் இரசத்தின் மேலுள்ள ஆசையும் ஒரு காரணம் என்று கவிஞர் பெத்ரார்க்கு கடுமையாகக் குறைகூறினார். நம்மவரைப் பற்றிய இக்குற்றச்சாட்டை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை.

1395-ஆம் ஆண்டின் தீர்ப்பு

1348-இல் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியது. பர்கண்டியிலும் ஊர்கள் வெறிச்சோடின. தோட்டங்களில் வேலை செய்யக் கைகள் இல்லை. அந்தத் துயர நாட்களுக்குப் பின் கமே என்னும் கொடி பரவத் தொடங்கியது. போனுக்குத் தெற்கே அதே பெயர் கொண்ட ஒரு சிற்றூரும் உண்டு. இக்கொடி பினோவுக்கு முன்னரே பழுக்கும். பன்மடங்கு மிகுதியாகக் காய்க்கும். சாவிலிருந்து தப்பிய குடியானவனுக்கு அது வானத்திலிருந்து விழுந்த கொடையாகத் தோன்றியிருக்கும். அதுவரை இரசத்தை விருந்து நாளில் மட்டுமே கண்ட ஏழையின் மேசைக்கும் அது வந்து சேர்ந்தது.

அது பர்கண்டியின் கோமகனான 'துணிவுள்ள' பிலிப்புக்குப் பொறுக்கவில்லை. 1395 சூலை 31 அன்று அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். கமே மிகக் கெட்ட கொடி, நம்பிக்கைத் துரோகம் செய்யும் கொடி. அதன் இரசம் கொடிய கசப்புடையது, மனிதரின் உடல்நலத்துக்குத் தீங்கானது. ஆதலின் அதனை வெட்டி எறிந்து வேரோடு களையவேண்டும் என்பது அதன் சாரம். திராட்சைத் தோட்டங்களுக்கு எரு இடுவதையும் அவர் தடைசெய்தார். டிஜோன் நகர மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. கமேயை நம்பிப் பிழைத்தவர்கள் ஆண்டுதோறும் கண்ட விளைச்சலை ஒரே கையெழுத்தில் இழக்கவேண்டியதாயிற்று.

கோமகன் வெறும் கொடுமனத்தால் இதைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. போன் இரசத்தின் நற்பெயர் கெட்டால் அவருடைய நாட்டின் வணிகம் கெடும். கமேயிலும் அன்று குறை இருக்கவே செய்தது. சுண்ணாம்புக் களிமண்ணில் எருவைக் கொட்டி, அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டால், அதன் இரசம் நீர்த்துப் புளிப்பேறிப்போகும். ஆனால் அவர் குறையை மண்ணிலோ மனிதரின் பேராசையிலோ மட்டும் தேடாமல், கொடியின் பிறப்பிலேயே கண்டார். துரோகம் என்ற சொல்லை மரத்தின் மேல் ஏற்றிச் சொல்ல ஒரு மன்னவனால்தான் முடியும்! அவருடைய பேரன் நல்ல பிலிப் 15-ஆம் நூற்றாண்டில் இத்தடையை மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. ஒரே ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கவேண்டியிருந்தது என்றால், மக்கள் அதற்கு முழுமையாகப் பணியவில்லை என்பதுதானே பொருள்?

ஆணை செல்லாத மலைச்சரிவு

பர்கண்டிக்குத் தெற்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரையில், லியோன் நகரை நோக்கி இறங்கும் குன்றுகளுக்குப் போஜொலே என்று பெயர். அது பர்கண்டிக் கோமகனின் ஆட்சிக்கு உட்பட்டதன்று; 1400-இல் பூர்போன் கோமகனின் கைக்கு மாறிய நிலம். அதன் வடபகுதி கருங்கல் சிதைந்து உருவான வறண்ட மண். வேறு பயிர் எதுவும் எளிதில் செழிக்காத அம்மண்ணில் கமே தன் இயல்பான இல்லத்தைக் கண்டது. அளவுக்கு மீறிக் காய்க்கும் அதன் வேகத்தைக் கல்மண் அடக்கிற்று. அங்குள்ள தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் கமேயே.

அங்குள்ளோர் பின்பற்றும் முறையும் குறிப்பிடத்தக்கது. பழங்களை நசுக்காமல் குலை குலையாகத் தொட்டியில் இட்டு மூடுகின்றனர். அடியிலுள்ள பழங்கள் நசுங்கிப் புளிக்கும்போது எழும் கரியமிலவாயு தொட்டியை நிறைக்க, மேலுள்ள முழுப் பழங்களின் உள்ளேயே புளிப்பு தொடங்குகிறது. இதனால் நிறமும் பழமணமும் மிகுதியாக வருகின்றன. துவர்ப்பு குறைவாகவே இறங்குகிறது. சில நாட்களில் சாற்றைப் பிரித்துவிடுகின்றனர். அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே புத்தம்புதிதாக அருந்தப்படும் இரசமும் இங்கு உண்டு. 1951-இல் அதன் முன்கூட்டிய விற்பனைக்கு இசைவு கிடைத்தது. 1985 முதல் நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனே அதற்குரிய நாள்.

போஜொலேயின் இரசத்தை அருந்தியவர்கள் யாவர்? லியோன் நகரின் பட்டு நெசவாளர்களும் கூலித் தொழிலாளர்களும் முதன்மையானோர். இங்கு ஒரு செய்தி நம் உள்ளத்தைத் தொடுகிறது. அதே லியோனில் 1822-ஆம் ஆண்டு பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண், தொழிலாளரிடம் வாரத்துக்கு ஒரு சூ வீதம் சிறுகாசு சேர்த்த முயற்சியிலிருந்தே விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. அந்தக் காசு உலகெங்கும் சென்றது. நம் புதுச்சேரி, மதுரை மறைத்தளங்களும் அதன் உதவியைப் பெற்றன. 2022 மே 22 அன்று அந்த அம்மையார் லியோனில் அருளாளராக உயர்த்தப்பட்டார். மலிவான இரசத்தை அருந்திய எளியவரின் காசில் நம் நாட்டில் ஆலயங்கள் எழுந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அதே ஆற்றின் மறுகரையில், போஜொலேயின் வீல்ஃபிரான்ஷ் நகரிலிருந்து சில மைல் தொலைவில், ஆர்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818 முதல் 1859 வரை அங்குப் பணியாற்றினார். தம் ஊரின் மதுக்கடைகளை எதிர்த்து அவர் விடாது போராடினார். திராட்சைக் கொடிகளைத் தினமும் கண்ட அவர், குடியால் பசித்திருக்கும் குழந்தைகளையும் கண்டார். குடியால் சிதைந்த குடும்பங்களுக்காக மன்றாடாத நாள் நம் பங்குகளிலும் இல்லை. ஆகவே இரசத்தைப் பற்றி எழுதும் இந்தக் கட்டுரை, குடிக்கு நற்சான்று அன்று.

மரபணு சொன்ன உண்மை

இனி, கோமகனின் தீர்ப்புக்கு வருவோம். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1999-இல், அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் திராட்சைக் கொடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். கமேயின் பெற்றோருள் ஒன்று பினோ! கோமகன் எந்தக் கொடியின் பெருமையைக் காக்க வாளெடுத்தாரோ, அந்தக் கொடியின் சொந்தப் பிள்ளையையே அவர் விரட்டியிருக்கிறார். மற்றொரு பெற்றோர் குவே என்னும் கொடி. அது குடியானவரின் கொடி. தரமற்றது என்று நெடுங்காலமாக இகழப்பட்டது.

வியப்பு அத்தோடு நிற்கவில்லை. உலகின் மேன்மையான வெள்ளை இரசங்களுள் ஒன்றைத் தரும் ஷார்டொனேயும் இதே பினோவுக்கும் இதே குவேக்கும் பிறந்ததே. ஒரே தாய் தந்தையரின் பிள்ளைகளில் ஒன்று மாளிகைக்குச் சென்றது. ஒன்று வெளியே தள்ளப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டவற்றுள் 16 வகைக் கொடிகள் இந்த இணையின் வழிவந்தவை என்று தெரியவந்தது.

இதைப் படித்தபோது மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. தாவீதின் அரச மரபைச் சொல்லும் அந்தப் பட்டியலில் எரிகோவின் இராகாபும் மோவாபியப் பெண் ரூத்தும் இடம்பெறுகின்றனர். நாசரேத்தூர்க்காரர் என்பதற்காக நம் ஆண்டவரையே ஐயுற்றவர்கள் இருந்தார்கள். ஒரே திருமுழுக்கில் பிறந்து, ஒரே கிண்ணத்தின் உறவில் வாழும் நாம், இன்றும் சில ஊர்களில் இறந்தோரைக் கூடக் குலம் பார்த்துத் தனித்தனியே புதைக்கிறோம். உயர்ந்தது என்றும் இழிந்தது என்றும் நாம் பிரித்து வைத்தவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தால், அடியில் ஒரே இரத்தமே ஓடும். கோமகனுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். ஆகவே நம் குற்றம் அவருடையதைவிடப் பெரிது.

அந்த இளைஞருக்கு நாம் எழுதிய மறுமொழி சுருக்கமானது. "தம்பி, கமே திராட்சையில் செய்த போஜொலே இரசத்தைத் தேடு. அதிலும் ஃப்ளூரி, ஷிரூபிள் ஊர்களின் பெயர் தாங்கியவை மென்மையானவை. மோர்கோனும் மூலென்-ஆ-வானும் சற்று உறுதியானவை. அண்மை ஆண்டு விளைச்சலாகப் பார்த்து வாங்கு. பரிமாறுமுன் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வை. மிகுந்த துவர்ப்பு நம் மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் வாயை எரிக்கும். இதுவோ கோழிக் குழம்போடும் இணங்கிப்போகும். ஆளுக்கு ஒரு குவளை போதும். விலை குறைவு என்று வெட்கப்படாதே."

விருந்து நன்றாக நடந்ததாக அவர் எழுதியிருந்தார். அப்பா ஒரு வாய் அருந்திவிட்டு, "இது நம்ம நாவல்பழம் மாதிரி இருக்கே, ஆனா துவர்க்கலையே!" என்றாராம். ஒரு கோமகனின் தீர்ப்பு, ஓர் ஏழைத் தகப்பனின் நாவில் அன்று திருத்தப்பட்டது.