வீட்ஸ்டன் சமனச்சுற்று

வீட்ஸ்டன் சமனச்சுற்று என்பது மதிப்பு அறியப்படாத ஒரு மின்தடையை, மதிப்பு அறியப்பட்ட மூன்று மின்தடைகளுடன் ஒப்பிட்டு அளப்பதற்குப் பயன்படும் மின்சுற்று ஆகும். இது வீட்ஸ்டன் பாலம் எனவும் அழைக்கப்படுகிறது. நான்கு மின்தடைகள் ஒரு நாற்கரத்தின் நான்கு பக்கங்களாக இணைக்கப்பட்டு, ஒரு மூலைவிட்டத்தில் மின்கலமும் மற்றொரு மூலைவிட்டத்தில் கால்வனாமீட்டரும் அமைந்திருக்கும். கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழியாகும்போது நான்கு மின்தடைகளுக்கும் இடையே ஓர் எளிய விகிதம் நிலவுகிறது. அவ்விகிதத்திலிருந்து அறியப்படாத மின்தடை கணிக்கப்படுகிறது.

மின்தடைகளின் தொடரிணைப்பு, பக்க இணைப்பு ஆகியவற்றுக்கான சூத்திரங்களால் மட்டும் தீர்க்க இயலாத மின்சுற்றுகளுள் மிக எளியது இதுவே. எனவே இயற்பியல் பாடங்களில் கிர்க்காஃப் விதிகளைப் பயன்படுத்துவதற்கான முதல் எடுத்துக்காட்டாகவும் இது அமைகிறது.

வரலாறு

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்பை செருமானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஆயினும் மின்தடையைத் துல்லியமாக அளப்பது அக்காலத்தில் கடினமாகவே இருந்தது. அன்றைய மின்கலங்களின் மின்னியக்கு விசை நேரத்துக்கு நேரம் மாறியது. ஆகவே ஒரே கம்பியில் காலையில் ஓர் அளவு மின்னோட்டமும் மாலையில் வேறோர் அளவு மின்னோட்டமும் கிடைக்கக்கூடும்.

இந்தச் சுற்றமைப்பை முதலில் விவரித்தவர் இங்கிலாந்தின் வூலிச் அரச இராணுவக் கல்விக்கழகத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி ஆவார். வெவ்வேறு உலோகங்களின் மின்கடத்தும் திறனை ஒப்பிடுவதற்காக அவர் இதனைக் கையாண்டு, 1833-இல் வெளியிட்டார். ஆனால் அது பரவலான கவனத்தைப் பெறவில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரும், மின்தந்தி முன்னோடிகளுள் ஒருவருமான சார்லஸ் வீட்ஸ்டன் 1843-இல் இலண்டன் அரச கழகத்தில் அளித்த உரையில் இச்சுற்றை விளக்கி, அதன் பயன்களையும் எடுத்துக்காட்டினார். இதனைக் கண்டறிந்தவர் கிறிஸ்டியே என்று வீட்ஸ்டன் அதில் குறிப்பிட்டிருந்தார். எனினும் வீட்ஸ்டனின் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று இச்சுற்றை விளக்கப் பயன்படும் கிர்க்காஃப் விதிகள் இதற்குப் பின்னரே தோன்றின. குஸ்தாவ் கிர்க்காஃப் அவற்றை 1845-இல், தாம் மாணவராக இருந்தபோது வெளியிட்டார்.

அமைப்பு

சுற்றில் அ, ஆ, இ, ஈ என நான்கு சந்திகள் உள்ளன. மின்தடைகள் பின்வருமாறு இணைக்கப்படுகின்றன:

- அ, ஆ ஆகியவற்றுக்கு இடையே த1
- ஆ, இ ஆகியவற்றுக்கு இடையே த2
- அ, ஈ ஆகியவற்றுக்கு இடையே த3
- ஈ, இ ஆகியவற்றுக்கு இடையே த4

மின்கலத்தின் நேர்முனை அ-வுடனும் எதிர்முனை இ-யுடனும் இணைக்கப்படுகின்றன. கால்வனாமீட்டர் ஆ, ஈ ஆகிய சந்திகளுக்கு இடையே இணைக்கப்படுகிறது.

சமன்நிலைக்கான நிபந்தனை

கால்வனாமீட்டரில் மின்னோட்டம் இல்லாத நிலை சமன்நிலை எனப்படும். அந்நிலையில் ஆ, ஈ ஆகிய இரு சந்திகளின் மின்னழுத்தமும் சமமாக இருக்கும். த1 வழியாகச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் த2 வழியாகவும் செல்லும். இதனை மி1 எனக் கொள்க. அவ்வாறே த3, த4 ஆகிய இரண்டிலும் மி2 என்னும் ஒரே மின்னோட்டம் பாயும்.

ஆ, ஈ ஆகியவற்றின் மின்னழுத்தம் சமம் என்பதால்,

மி1 × த1 = மி2 × த3
மி1 × த2 = மி2 × த4

முதற் சமன்பாட்டை இரண்டாவதால் வகுத்தால்,

த1 / த2 = த3 / த4

இதில் மின்கலத்தின் மின்னியக்கு விசை இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கால்வனாமீட்டரின் மின்தடையும் அதன் அளவுகோலும்கூட இடம்பெறவில்லை. கால்வனாமீட்டர் எவ்வளவு மின்னோட்டம் எனச் சரியாகக் காட்ட வேண்டியதில்லை. மின்னோட்டம் உண்டா, இல்லையா என்று காட்டினால் போதும். இத்தகைய அளவீடு சுழிமுறை அளவீடு எனப்படும். ஒரு பொருளின் எடையைச் சுருள்வில்லின் நீட்சியைக் கொண்டு அறிவதற்கும், தராசில் எடைக்கற்களுக்கு எதிரே வைத்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

எடுத்துக்காட்டுக் கணக்குகள்

கணக்கு 1: அறியப்படாத மின்தடையைக் காணல்

த1 = 100 ஓம், த2 = 10 ஓம். த3 என்பது 1 ஓம் படிகளில் மாற்றக்கூடிய மின்தடைப் பெட்டி. த4 அறியப்படாதது. த3 = 354 ஓம் எனும்போது கால்வனாமீட்டர் முள் ஒரு பக்கமும், 355 ஓம் எனும்போது மறுபக்கமும் விலகுகிறது. த4-இன் மதிப்பு என்ன?

த4 = த3 × த2 / த1 = த3 / 10

ஆகவே த4-இன் மதிப்பு 35.4 ஓமுக்கும் 35.5 ஓமுக்கும் இடையே உள்ளது. பெட்டியின் மிகச் சிறிய படி 1 ஓமாக இருந்தும் 0.1 ஓம் வரை அளக்க முடிவதற்குக் காரணம் 100 : 10 என்னும் விகிதமே. இதனால் த1, த2 ஆகியவை விகிதக் கிளைகள் எனப்படுகின்றன.

கணக்கு 2: சமன்நிலையில் உள்ள சுற்று

த1 = 2 ஓம், த2 = 4 ஓம், த3 = 3 ஓம், த4 = 6 ஓம். கால்வனாமீட்டருக்குப் பதிலாக ஆ, ஈ ஆகியவற்றுக்கு இடையே 7 ஓம் மின்தடை உள்ளது. அக மின்தடை அற்ற 9 வோல்ட் மின்கலம் தரும் மின்னோட்டம் எவ்வளவு?

2 / 4 = 3 / 6 என்பதால் சுற்று சமன்நிலையில் உள்ளது. 7 ஓம் மின்தடையில் மின்னோட்டம் பாயாது. எனவே அதனை நீக்கிவிடலாம். மேற்கிளை 2 + 4 = 6 ஓம்; கீழ்க்கிளை 3 + 6 = 9 ஓம். இவ்விரண்டும் பக்க இணைப்பில் உள்ளன.

தொகுபயன் மின்தடை = (6 × 9) / (6 + 9) = 3.6 ஓம்
மின்னோட்டம் = 9 / 3.6 = 2.5 ஆம்பியர்

சரிபார்ப்பு: 7 ஓம் மின்தடையை நீக்குவதற்குப் பதிலாக அவ்விடத்தை ஒரு கம்பியால் இணைத்தாலும் விடை மாறக்கூடாது. அப்போது 2, 3 ஓம் பக்க இணைப்பில் 1.2 ஓம், 4, 6 ஓம் பக்க இணைப்பில் 2.4 ஓம், கூட்டினால் மீண்டும் 3.6 ஓம்.

கணக்கு 3: சமன்நிலையில் இல்லாத சுற்று

த1 = 2 ஓம், த2 = 8 ஓம், த3 = 6 ஓம், த4 = 3 ஓம். ஆ, ஈ ஆகியவற்றுக்கு இடையே 2 ஓம் மின்தடை உள்ளது. மின்கலம் 12 வோல்ட். ஒவ்வொரு மின்தடையிலும் பாயும் மின்னோட்டம் எவ்வளவு?

2 / 8, 6 / 3 ஆகியவை சமமல்ல. எனவே நடு மின்தடையை நீக்க இயலாது. இச்சுற்றில் எந்த இரு மின்தடைகளும் தொடரிணைப்பிலும் இல்லை, பக்க இணைப்பிலும் இல்லை. இங்கு சந்திகளின் மின்னழுத்தத்தைக் கொண்டு தீர்ப்பது எளிது. இ-யின் மின்னழுத்தம் சுழி என்றும், அ-வின் மின்னழுத்தம் 12 வோல்ட் என்றும், ஆ-வின் மின்னழுத்தம் ப என்றும், ஈ-யின் மின்னழுத்தம் ந என்றும் கொள்க. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூடுதல், வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலுக்குச் சமம் என்ற கிர்க்காஃபின் முதல் விதிப்படி,

சந்தி ஆ: (12 − ப) / 2 = ப / 8 + (ப − ந) / 2
சந்தி ஈ: (12 − ந) / 6 + (ப − ந) / 2 = ந / 3

இவற்றைச் சுருக்கினால்,

9ப − 4ந = 48
ப = 2ந − 4

இரண்டாவதை முதலாவதில் பதிலிட்டால் 14ந = 84. எனவே ந = 6 வோல்ட், ப = 8 வோல்ட். மின்னோட்டங்கள்:

- 2 ஓம் (த1): (12 − 8) / 2 = 2 ஆம்பியர்
- 8 ஓம் (த2): 8 / 8 = 1 ஆம்பியர்
- 6 ஓம் (த3): (12 − 6) / 6 = 1 ஆம்பியர்
- 3 ஓம் (த4): 6 / 3 = 2 ஆம்பியர்
- நடு 2 ஓம்: (8 − 6) / 2 = 1 ஆம்பியர், ஆ-விலிருந்து ஈ-யை நோக்கி

மின்கலம் தரும் மொத்த மின்னோட்டம் 2 + 1 = 3 ஆம்பியர்; தொகுபயன் மின்தடை 12 / 3 = 4 ஓம்.

விடையைச் சரிபார்த்தல்

மூன்றாம் கணக்கின் விடையை இரண்டு வழிகளில் சோதிக்கலாம்.

முதலாவது, திறன் கணக்கு. மின்கலம் தரும் திறன் 12 × 3 = 36 வாட். மின்தடைகளில் செலவாகும் திறன், மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கிக் கிடைப்பது. அவை முறையே 8, 8, 6, 12, 2 வாட். இவற்றின் கூடுதல் 36 வாட்.

இரண்டாவது, எல்லைக் கணக்கு. நடு மின்தடையை நீக்கினால் தொகுபயன் மின்தடை ஏறத்தாழ 4.74 ஓம். அவ்விடத்தைக் கம்பியால் இணைத்தால் ஏறத்தாழ 3.68 ஓம். நடு மின்தடை எம்மதிப்பில் இருந்தாலும் சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையிலேயே அமையும். 4 ஓம் அவ்வாறே அமைகிறது.

பொதுவாக நிகழும் பிழைகள்

- சமன்நிலை நிபந்தனையைச் சோதிக்காமலே நடு மின்தடையை நீக்குதல். மூன்றாம் கணக்கில் இவ்வாறு செய்தால் 4 ஓமுக்குப் பதில் 4.74 ஓம் கிடைக்கும்.
- படத்தின் வடிவத்தைக் கொண்டு முடிவு செய்தல். வினாத்தாள்களில் இச்சுற்று சதுரமாகவோ, முக்கோணமாகவோ, ஏணியாகவோ வரையப்படலாம். சந்திகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொரு மின்தடையும் எந்த இரு சந்திகளை இணைக்கிறது எனப் பட்டியலிட்டால் அமைப்பு தெளிவாகும்.
- எதிர்க்குறி கொண்ட விடையைத் தவறெனக் கருதுதல். முதலில் கொண்ட திசைக்கு எதிராக மின்னோட்டம் பாய்கிறது என்பதே அதன் பொருள்.

மீட்டர் சமனச்சுற்று

பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் மீட்டர் சமனச்சுற்றில், இரு கிளைகளுக்குப் பதிலாக 1 மீட்டர் நீளமுள்ள சீரான கம்பி இடம்பெறுகிறது. கம்பியின் மின்தடை நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மின்தடைகளின் விகிதத்துக்குப் பதில் நீளங்களின் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்க இடைவெளியில் அறியப்படாத மின்தடையும் வலப்பக்கத்தில் 15 ஓமும் இருக்க, சமன்புள்ளி இடமுனையிலிருந்து 40 செ.மீ. தொலைவில் அமைந்தால், அறியப்படாத மின்தடை 15 × 40 / 60 = 10 ஓம் ஆகும்.

சமன்புள்ளி கம்பியின் நடுப்பகுதியில் அமைவது நல்லது. நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால், சமன்புள்ளி 50 செ.மீ. இல் உள்ளபோது விடையில் 0.4 விழுக்காடு பிழை ஏற்படும், 10 செ.மீ. இல் உள்ளபோது ஏறத்தாழ 1.1 விழுக்காடு பிழை ஏற்படும். கம்பி முனைகளில் உள்ள இணைப்புகளின் மின்தடையால் நேரும் பிழையைக் குறைக்க, இரு மின்தடைகளையும் இடம் மாற்றி மீண்டும் அளந்து சராசரி காண்பது வழக்கம்.

பயன்பாடுகள்

மின்வடப் பழுதுகளைக் கண்டறிதல்

நிலத்தடியில் புதைக்கப்பட்ட வடத்தில் காப்புறை சிதைந்து கடத்தி மண்ணைத் தொட்டால், அவ்விடத்தைக் காண வடம் முழுவதையும் தோண்டிப் பார்க்க இயலாது. தந்திக் காலத்தில் உருவான முர்ரே வளையச் சோதனை இதற்குத் தீர்வாயிற்று. பழுதுற்ற கடத்தியும் அதே அளவுள்ள ஒரு நல்ல கடத்தியும் தொலைமுனையில் ஒன்றாக இணைக்கப்படும். அருகுமுனையில் நல்ல கடத்தியுடன் ஒரு விகிதக் கிளையும் பழுதுற்ற கடத்தியுடன் மற்றொரு விகிதக் கிளையும் இணைக்கப்படும். அக்கடத்திகளின் அருகுமுனைகளுக்கு இடையே கால்வனாமீட்டரும், விகிதக் கிளைகள் சந்திக்குமிடத்துக்கும் நிலத்துக்கும் இடையே மின்கலமும் அமையும்.

எடுத்துக்காட்டாக, வடத்தின் நீளம் 8 கி.மீ. எனில் வளையத்தின் நீளம் 16 கி.மீ. சமன்நிலையில் நல்ல கடத்திப் பக்கக் கிளை 1000 ஓம், பழுதுற்ற கடத்திப் பக்கக் கிளை 600 ஓம் எனில், பழுது உள்ள தொலைவு 16 × 600 / 1600 = 6 கி.மீ. ஆகும். பழுதான இடத்தில் மண்ணுக்கும் கடத்திக்கும் இடையே உள்ள மின்தடை எவ்வளவு என்பது தெரியாது. அதனை அறிய வேண்டியதும் இல்லை. அது மின்கலத்துடன் தொடரிணைப்பில் அமைவதால் சமன்நிலையைப் பாதிப்பதில்லை.

எடை, திரிபு, வெப்பநிலை

மின்னணுத் தராசுகளில் உள்ள திரிபுமானிகள் வளையும்போது அவற்றின் மின்தடை மிகச் சிறிதளவு மாறுகிறது. 350 ஓம் திரிபுமானி ஒன்றின் மாற்றக் காரணி 2 எனில், நீளம் 1000-இல் ஒரு பங்கு கூடும்போது மின்தடை 0.7 ஓம் மட்டுமே கூடும். இதனை நேரடியாக அளப்பதைவிட, சமனச்சுற்றில் ஒரு கிளையாக அமைத்துச் சமன்நிலையிலிருந்து விலகும் அளவைப் பார்ப்பது எளிது. 5 வோல்ட் அளித்தால் ஏறத்தாழ 2.5 மில்லிவோல்ட் வேறுபாடு கிடைக்கும். நான்கு கிளைகளிலும் திரிபுமானிகளை, இரண்டு நீளும்படியும் இரண்டு சுருங்கும்படியும் அமைத்தால் இது நான்கு மடங்காகும். வெப்பநிலை மாற்றம் நான்கையும் ஒன்றுபோலப் பாதிப்பதால் அதன் விளைவும் பெரிதும் நீங்கிவிடும்.

பிளாட்டின மின்தடை வெப்பமானியிலும் இதே சுற்று பயன்படுகிறது. 0 பாகை செல்சியசில் 100 ஓம் உள்ள பிளாட்டின உணரி, 100 பாகையில் ஏறத்தாழ 138.5 ஓம் ஆகிறது. இணைப்புக் கம்பிகளின் மின்தடை 1 ஓம் கூடினாலே ஏறத்தாழ 2.6 பாகை பிழை நேரும். எனவே மூன்று கம்பி இணைப்பைப் பயன்படுத்தி, சமமான இரு கம்பிகள் அடுத்தடுத்த கிளைகளில் அமையுமாறு செய்து பிழையை ஈடுசெய்வர்.

வரம்புகள்

1 ஓமைவிட மிகக் குறைந்த மின்தடைகளை அளக்க இச்சுற்று ஏற்றதன்று. இணைப்புக் கம்பிகள், தொடுமுனைகள் ஆகியவற்றின் மின்தடையே அளக்க வேண்டிய மதிப்புக்கு நிகராகிவிடும். இதற்கெனப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் அமைத்த கெல்வின் இரட்டைச் சமனச்சுற்று பயன்படுகிறது. மிக உயர்ந்த மின்தடைகளை அளக்கும்போது கால்வனாமீட்டரில் பாயும் மின்னோட்டம் மிகக் குறைந்து, சமன்நிலையைத் துல்லியமாக அறிவது கடினமாகிறது. மின்தூண்டல், மின்தேக்கம் ஆகியவற்றை அளக்க, நேர்மின்னோட்டத்துக்குப் பதில் மாறுதிசை மின்னோட்டம் அளிக்கப்படும் மாக்சுவெல் சமனச்சுற்று போன்ற வகைகள் உள்ளன. அவற்றிலும் அடிப்படைக் கருத்து, இரு புள்ளிகளின் மின்னழுத்தத்தைச் சமமாக்குதல் என்பதேயாகும்.