ஜொகூரின் முகப்பெழுத்துகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஜொகூர் மாநிலப் பொதுக் கட்டடங்களின் முகப்பில் உள்ள எழுத்துகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், ஆட்சியும் கல்விக் கொள்கையும் மாறியபோதெல்லாம் வரிவடிவமும் மொழிகளின் வரிசையும் மாறியிருப்பது தெரியும். முகப்பெழுத்து, காலம் கணிக்க உதவும் வரலாற்றுச் சான்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுல்தானகக் காலம்

1855இல் தஞ்சோங் புத்ரியாகத் தோன்றிய ஊர் 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. மிளகும் கம்பீர்ச் செடியும் பயிரிட வந்த சீனர்கள் எழுப்பிய பழைய சீனக் கோயிலில் 1870ஆம் ஆண்டைக் குறிக்கும் பெயர்ப்பலகை இன்றும் உள்ளது. தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து பிரிவினருக்கும் பொதுவான கோயில் அது. பேச்சில் வேறுபட்டவர்களை எழுத்து ஒரே வாசலில் சேர்த்தது.

அரசின் எழுத்தோ, மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி. 1895இல் ஜொகூர் தனக்கென எழுதப்பட்ட அரசமைப்பை வகுத்துக்கொண்டது. இறைவனிடம் ஒப்படைக்கிறோம் என்னும் பொருளுடைய ஜாவி வாசகம் மாநிலச் சின்னத்தில் இடம்பெற்றது. கட்டடங்களில் இச்சின்னம் பொறிக்கப்பட்ட இடமெல்லாம் ஜாவியும் உடன் சென்றது.

புக்கிட் திம்பாலானில் ஒரு திருப்பம்

பால்மர் அண்ட் டர்னர் நிறுவனம் வடிவமைத்த சுல்தான் இப்ராஹிம் கட்டடம் 1936 முதல் 1940 வரை புக்கிட் திம்பாலான் குன்றில் எழுந்தது. 1956 ஜூன் 22 அன்று ஜொகூர் பாருவில் மலாய் மொழி வளர்ச்சி நிறுவனமான பாலாய் புஸ்தாகா தொடங்கப்பட்டதும் இதே குன்றில்தான். அவ்வாண்டே டேவான் பஹாசா டான் புஸ்தாகா எனப் பெயர் மாறி, 1957இல் கோலாலம்பூருக்குச் சென்ற அந்நிறுவனமே இன்று விளம்பரப் பலகைகளின் மலாய் வாசகத்தைச் சரிபார்க்கிறது.

1963ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் ரூமி எனப்படும் லத்தீன் எழுத்தைத் தேசிய மொழியின் வரிவடிவமாக்கியது, ஜாவியைத் தடுக்கவில்லை. 1972இல் இந்தோனேசியாவுடன் இணைந்து மலாய் எழுத்துக்கூட்டல் சீரமைக்கப்பட்டபோது ‘சி-எச்’ என்ற இரட்டை எழுத்து ‘சி’ ஆனது. ‘எஸ்-எச்’ ‘எஸ்-ஒய்’ ஆனது. பழைய கூட்டலில் உள்ள முகப்பு, பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆனால் எல்லா ஊர்ப்பெயர்களும் இவ்விதிக்கு உட்படவில்லை. ஜொகூர் பாருவின் ‘பாரு’ இன்றும் பழைய கூட்டலிலேயே எழுதப்படுகிறது.

தமிழ்ப்பள்ளிகளின் முகப்பு

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையை அடுத்து உருவான தேசியக் கல்வி அமைப்பில் தமிழ்ப்பள்ளிகள் தேசிய வகைப் பள்ளிகளாயின. ரூமியில் மலாய்ப் பெயரும் அதனுடன் தமிழ்ப் பெயரும் கொண்ட முகப்பு வழக்கத்துக்கு வந்தது. இங்கும் ஒரு கால எல்லை உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளைச் சீர்திருத்தியது. மலேசியத் தமிழரும் பின்னர் அதை ஏற்றனர். துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’ ஒரு சுவரில் இருந்தால் அச்சுவரின் வயதை அது உணர்த்தும். பழக்கம் காரணமாகப் பழைய வடிவத்தையே பின்னரும் எழுதியவர்கள் உண்டு என்பதால், அதை மற்றச் சான்றுகளோடு சேர்த்தே கொள்ள வேண்டும்.

வடிவத்தைப் போலப் பெயரும் சான்றாகும். ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று முத்தியாரா ரினி குடியிருப்பு நடுவே இருக்கிறது. தோட்டம் வீடுகளாகிவிட்டது. அங்கே உழைத்த மக்களின் இருப்பைப் பள்ளியின் பெயர்ப்பலகை இன்னும் சொல்கிறது.

முடிவு

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுரிமைச் சட்டம் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆயினும் வண்ணம் பூசும்போதும் பலகை மாற்றும்போதும் முதலில் அழிவது எழுத்துதான். பழைய பலகையைக் கழற்றும் முன் அதைப் படமெடுத்து, அளவு, பொருள், வரிசை, ஆண்டு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் இதைத் தாமே செய்யலாம். கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தன் வரலாற்றை மீட்ட தமிழ்ச் சமூகம், தோட்டத்துப் பலகைகளுக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும்.