சைக்கிள் கடைகளின் கைவண்ணம்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் மூன்று தலைமுறைகளாக ஆசிரியரையும் குமாஸ்தாவையும் பால்காரரையும் நெசவாளரையும் சுமந்து சென்ற அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுவோர், அதைத் தயாரித்த கம்பெனிகளின் கதையைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். கம்பெனிகளின் கதை அவசியமானதுதான். ஆனால் அது பாதிக் கதையே. தொழிற்சாலையிலிருந்து உறுப்புகளாக வந்து இறங்கியதை வண்டியாகப் பூட்டியும், வாங்கியவருடைய உயரத்துக்கும் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றவாறு அதை மாற்றியும், இருபது வருஷம் உழைத்துத் தேய்ந்தபின் அதே வண்டியை மறுபடி சாலைக்குத் தகுதியாக்கியும் கொடுத்தவர் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர். அவருடைய பங்கைச் சொல்லாமல் இந்த வாகனத்தின் சரித்திரம் பூர்த்தியாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வண்டியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவினவாக வைத்துப் பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் ‘ரோவர்’ என்னும் வண்டியைச் செய்தார். 1888இல் பெல்பாஸ்டில் வசித்த கால்நடை வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு சைக்கிளின் உருவம் பெரும்பாலும் ஸ்திரப்பட்டுவிட்டது. நாட்டிங்ஹாமின் ராலியும், துப்பாக்கித் தொழிலிலிருந்து வந்த பி.எஸ்.ஏ.யும், 1910இல் பர்மிங்ஹாமில் தோன்றிய ஹெர்குலிஸும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதி குறைந்து சுதேச உற்பத்தி வளர்ந்தபோது, முருகப்பா குடும்பத்தார் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழில் தொடங்கினார்கள். அங்கே தயாரானதால் ஹெர்குலிஸ் தமிழ்நாட்டு வண்டியாயிற்று. அசன்சோலில் சென்-ராலியும், சோனிபட்டில் அட்லஸும், 1956இல் லூதியானாவில் ஹீரோவும் கிளம்பின. டயர் செய்த டன்லப் ஆலையும், சங்கிலி செய்த டயமண்ட் செயின் ஆலையும் அம்பத்தூரிலேயே எழுந்தன.

இந்த வண்டியின் அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் பின்னால் கடைக்காரர் செய்த வேலைகளுக்கெல்லாம் ஆதாரம் அதுவே. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பளு அதிகம் தாங்கும் பின்சக்கரத்தில் 40, சாய்ந்த ஃபோர்க், நீண்ட உடல், சுமார் 20 கிலோ எடை. பிரேக்குக்குக் கம்பி வடம் இல்லை. ஹேண்டில் பாரிலிருந்து இறங்கும் இரும்புத் தண்டுகள் பிரேக் கட்டையை மேலே இழுத்து, ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். ஆகையால் சக்கரம் பக்கவாட்டில் சிறிது கோணிப்போனாலும் பிரேக் தன் வேலையை விடுவதில்லை. பள்ளமும் மேடுமான மண் சாலைகளில் இது எத்தகைய பாக்கியம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விசேஷம், ஒரு கம்பெனியின் உறுப்பு மற்றொரு கம்பெனியின் வண்டியில் பெரும்பாலும் பொருந்தியது. இங்கிலாந்து ராலியில் மட்டும் பெடல் அச்சு செல்லும் பகுதியின் மரை அங்குலத்துக்கு 26. மற்ற வண்டிகளில் 24. இந்த வித்தியாசத்தை அறியாமல் கையை வைத்தால் மரை கெட்டுவிடுமாதலால், தேர்ந்த மெக்கானிக் பழைய ராலியைக் கண்டதும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

அந்நாளில் சைக்கிள் வாங்குவது என்றால், முழு வண்டியாக நிற்பதைக் காசு கொடுத்து ஓட்டிக்கொண்டு போவது அன்று. கடைக்கு ஃபிரேம் தனியாகவும், ரிம் தனியாகவும், டயர் டியூப் தனியாகவும், மற்றவை பெட்டிகளிலும் கட்டுகளிலும் வந்து சேரும். வாங்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிரேம் 22 அங்குலமா 24 அங்குலமா, டைனமோ உண்டா, கேரியர் சாதாரணமானதா பளு ஏற்றுவதா, ஸ்டாண்டு ஒற்றைக் காலா இரட்டைக் காலா, சங்கிலி முழுவதையும் மூடும் கவசம் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார். வேட்டி கட்டியவருக்கு முழு மூடி. அது இல்லையேல் வேட்டியின் ஓரம் சங்கிலியில் சிக்கி மசியாகும். பளுச் சுமப்பவருக்கு இரட்டைப் பார் கொண்ட ஃபிரேமும், முன் ஃபோர்க்குக்குத் துணையாக இரு பக்கமும் இரும்புத் தண்டும். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்காரருக்குப் பாரின் மேல் பூட்டும் சிறு ஆசனம். இவ்வளவும் முடிவானபின் கடைக்காரர் அவரை ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் ஏற்றி, பெடல் கீழ்நோக்கி நிற்கும்போது அதன் மேல் குதிகால் படிந்து முழங்கால் நேராக நிற்கும் உயரத்துக்கு சீட்டை ஏற்றி இறக்கித் திருகை முறுக்குவார். அந்த அளவு சரியாக அமைந்தால் பத்து மைல் சென்றாலும் முழங்கால் நோவதில்லை. இன்று விலையுயர்ந்த வண்டி வாங்குவோரில் பலருக்கு இந்த ஒரு சௌகரியத்தைக்கூட யாரும் செய்து கொடுப்பதில்லை.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மணி வாடகைச் சைக்கிள் இருந்தது. பின் மட்கார்டில் கடையின் பெயரும் எண்ணும் எழுதிய வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும். நோட்டில் பெயரும் புறப்பட்ட நேரமும் குறித்துக்கொண்டு கொடுப்பார்கள். கால் எட்டாத சிறுவர்கள் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியது இந்த வாடகை வண்டிகளில்தான். வண்டிக்கு வருஷந்தோறும் முனிசிபாலிட்டிக்கு வரி கட்டித் தகட்டு வில்லை மாட்ட வேண்டியிருந்தது; இரவில் விளக்கில்லாமல் போனாலும், இருவராக ஏறிப் போனாலும் போலீசார் பிடித்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கு போய், டயரில் உராய்ந்து ஓடும் 6 வோல்ட் டைனமோ வந்தது.

ஆனால் கடைக்காரர்களின் சாதுரியம் பிரகாசித்தது, தொழிலாளருக்காக அவர்கள் செய்த மாற்றங்களிலேதான். பால்காரரின் வண்டியில் கேரியரின் இரு பக்கமும் கொக்கி வைத்து, கேன்கள் சக்கரத்தில் இடிக்காதபடி தடுப்புக் கம்பி வளைத்தார்கள். தண்ணீர் விற்பவருக்குக் குடங்களின் கழுத்து அமரும் வளையங்களைக் கொல்லுப் பட்டறையில் அடித்துப் பூட்டினார்கள். தேய்ந்து கழித்த டியூபை நீளவாக்கில் நறுக்கிக் கேரியரில் சுற்றினால் அதைப்போல் இறுகப் பிடிக்கும் கயிறு வேறில்லை. வாழைக்கட்டும் ஜவுளி மூட்டையும் அதில்தான் நின்றன. இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வியப்பளிப்பது சாணை பிடிப்பவரின் வண்டி. தெருவில் வந்து பெரிய ஸ்டாண்டைப் போட்டுப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவார். பின்சக்கரத்தோடு பிணைத்த வளையம் ஒன்றிலிருந்து ஒரு பெல்ட், பாரின் மேல் பொருத்திய சாணைக்கல்லுக்கு ஓடும். சீட்டில் அமர்ந்தபடியே அவர் பெடலை மிதிக்க, கல் சுழல, அரிவாள்மணையின் விளிம்பிலிருந்து பொறி பறக்கும். வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் அதே வண்டி அடுத்த தெருவுக்கு அவரைச் சுமந்து செல்லும். ஒரே காலின் பலத்தைக் கொண்டு பிரயாணத்தையும் தொழிலையும் நடத்திய இந்த யந்திரத்தைக் கற்பித்தவர் யார் என்று எந்தப் பட்டயத்திலும் எழுதவில்லை. ஊர்தோறும் பெயர் தெரியாத கைகள் அதைத் திருத்தித் திருத்தி இந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

இனி ‘ஓவராயில்’ என்று கடைகளில் வழங்கிய அந்தப் பூரணமான புதுப்பிப்பு. வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஆயுத பூஜையை ஒட்டி, வண்டியை ஒரு நாள் கடையில் விட்டுவிட வேண்டும். மெக்கானிக் முதலில் கைவைப்பது பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கோட்டர் பின்னில். அதன் நட்டைச் சற்றே தளர்த்தி, முழுவதும் கழற்றாமல், அதன் மேலேயே சுத்தியலால் அடிப்பார். முழுவதும் கழற்றிவிட்டு அடித்தால் பின்னின் மரை நசுங்கிப் பயனற்றுப் போகும். பிறகு ஹப்பும் ஹேண்டில் கிண்ணங்களும் திறக்கப்படும். உள்ளிருந்த பால்ரஸ் குண்டுகள் தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் விழும். கழுவிய குண்டுகளைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்றிவிடுவது நல்ல கடைகளின் ஆசாரம், ஏனெனில் பழையதும் புதியதும் கலந்தால் பளு சமமாக இறங்காது. கிண்ணத்தில் கிரீஸ் தடவிக் குண்டுகளை அடுக்கிக் கோனை முறுக்கும் அளவில்தான் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. இறுகினால் சக்கரம் கனக்கும், தளர்ந்தால் ஆடும். சரியாக முறுக்கியதற்கு அவர்கள் கண்ட பரீட்சை மிக அழகானது: தூக்கி நிறுத்திய சக்கரத்தில் டியூபின் மூக்கு பக்கவாட்டில் இருக்குமாறு வைத்துக் கையை எடுத்தால், அந்தச் சிறு மூக்கின் எடை ஒன்றினாலேயே சக்கரம் தானாகச் சுழன்று, மூக்கு அடியில் வந்து நிற்க வேண்டும். அதன் பின் பெண்டு எடுத்தல். ரிம்முக்குப் பக்கத்தில் சாக்குக் கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற, கோணிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அங்கே ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்துவார். எழுபத்திரண்டு கம்பிகளையும் விரலால் சுண்டி, அவற்றின் நாதத்தைக் கொண்டே இறுக்கத்தை அறிந்த மெக்கானிக்குகள் உண்டு.

இந்தப் பழைய வண்டி பெண்களின் கைக்கு வந்த வரலாற்றை விட்டுவிடலாகாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்து, வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்களுக்கென்று செய்த, பாரில்லாத வண்டிகள் தேவைக்குக் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஏற்றுக்கொண்டார்கள். அதிலிருந்த பார், குழந்தையை முன்னால் அமர்த்திக்கொள்ள உதவியாக இருந்தது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், யுத்தம் இந்த வண்டிக்கு இன்னொரு கடமையைக் கொடுத்தது. 1990இல் அங்கே மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் பாட்டரிக்கும் தடை வந்தது. ஆசிரியரும் வைத்தியரும் மாணவரும் சைக்கிளிலேயே போனார்கள். விறகு மூட்டையையும் நோயாளியையும் கேரியரிலேயே கொண்டுபோனார்கள். மாலையில் செய்தி நேரம் வந்ததும் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டிலிலும் நிறுத்தி, டைனமோவின் ஒயரை வானொலியில் இணைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டார்கள். சுற்றுகிறவர் சோர்ந்தால் குரல் தேயும். உடனே இன்னொருவர் கை மாற்றுவார். விளக்கெரிக்கச் செய்த ஒரு சிறு யந்திரத்தைக் கொண்டு உலகத்தோடு தொடர்பு அறுந்துபோகாமல் காத்துக்கொண்ட அந்த ஜனங்களை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது.

1980இல் டி.வி.எஸ். 50 வந்து, பால்காரரும் வியாபாரியும் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கமே வண்டி வழங்கத் தொடங்கியபின், வாடகைக் கடைக்கு மிச்சமிருந்த தேவையும் குறைந்தது. கனமான கறுப்பு வண்டிகள் மாடிப்படிக்கு அடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒதுங்கின. பல, கிலோக் கணக்கில் பழைய இரும்பாகப் போய்விட்டன.

அப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை இரும்புக்காரரிடம் போடுமுன் உங்கள் ஊரின் மூத்த மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டுங்கள். ஃபிரேமின் இணைப்புகளில் வெடிப்பில்லாமலும், ஃபோர்க் வளையாமலும் இருந்தால் மற்றவை எல்லாம் மாற்றத்தக்கவை. 28 அங்குல டயரும் பிரேக் கட்டையும் பால்ரஸும் இன்றும் நம் நாட்டில் உற்பத்தியாகி விற்பனைக்கு வருகின்றன. மேடு ஏறக் கஷ்டமாயிருந்தால் 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 20 அல்லது 22 பல் உள்ளதைப் பூட்டச் சொல்லுங்கள். வேகம் சற்றுக் குறையும், முழங்கால் தப்பும். ஓவராயில் நடக்கும்போது அவர் பக்கத்திலேயே அமர்ந்து, கோனை எவ்வளவு முறுக்குகிறார், கம்பியை எப்படிச் சுண்டிப் பார்க்கிறார் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைகளில் பலவற்றில் அடுத்த தலைமுறை தொழிலுக்கு வரவில்லை.