பேகூர் வீரக்கல்

பேகூர் வீரக்கல் என்பது இரு படைகள் எதிரெதிரே மோதும் களக்காட்சி செதுக்கப்பட்ட மேலைக் கங்கர் காலக் கற்பலகை. பெங்களூரின் தெற்கே உள்ள பேகூரில் கிடைத்தது. பழங்கன்னடக் கல்வெட்டும் அதே பலகையில் உள்ளது. காலம் கி.பி. 900ஐ ஒட்டியது.

கங்க மன்னன் எரெயப்பன், வீரமகேந்திரனுக்கு எதிரான போரில் அய்யப்பதேவனுக்குத் துணையாக நாகத்தரன் என்னும் தலைவனைப் படையுடன் அனுப்பினான். தும்பெபாடியில் நடந்த சண்டையில் யானைகளுக்கு நடுவே பொருது நாகத்தரன் மாண்டான். மன்னன் அவனது பட்டத்தையும், பெம்பூரைத் தலைமையாகக் கொண்ட 12 ஊர்களையும் இருகன் என்பவனுக்கு வழங்கினான். பெம்பூரே இன்றைய பேகூர். இறந்த வீரனை முன்னிட்டு நிலம் விடும் இவ்வழக்கத்தைக் கன்னடத்தில் ‘கல்நாடு’ என்பர். தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு ‘உதிரப்பட்டி’, ‘நெய்த்தோர்பட்டி’ என்று பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. கன்னடத்தில் இன்றும் குருதிக்கு ‘நெத்தரு’ என்றே பெயர்.

வீரக்கல்லைத் தமிழ் மரபு நடுகல் என்கிறது. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகள் வகுக்கிறது. தமிழ்நாட்டின் செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பெரும்பாலும் ஒரே வீரன் வில்லோ வாளோ ஏந்தி நிற்பான். ஆநிரை கவர்ந்தும் மீட்டும் வீழ்ந்தவர்களின் கற்கள் பல. அவை வெட்சி, கரந்தைத் திணைகளுக்கு உரியவை. கன்னட நாட்டுப் பிற்கால வீரக்கற்கள் அடுக்குகளாகப் பிரியும்: கீழே போர், நடுவே வீரனை விண்ணுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளிர், மேலே இலிங்க வழிபாடு. பேகூர்க் கல் இரண்டு வகைக்கும் அடங்குவதில்லை. இங்கே களமே முதன்மை. குதிரைமேல் ஒரு தலைவன் பாய்கிறான்; எதிரே யானை வருகிறது; இருபுறமும் காலாட்கள் நெருங்கி நிற்கிறார்கள். காலடியில் விழுந்த உடல்களையும் சிற்பி விட்டுவிடவில்லை. பெயர் தெரியாத படைவீரர்களுக்கும் இடம் தந்திருப்பதே இக்கல்லின் பெருமை. வேந்தர் இருவர் நேருக்கு நேர் பொரும் தும்பைத் திணைக்குக் கல்லில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. போர் நடந்த தும்பெபாடியின் பெயரும் தமிழ் வாசகருக்குத் தும்பைப் பூவையே நினைவூட்டும். கன்னடத்திலும் தும்பைப்பூ ‘தும்பெ’தான்.

பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள இன்னொரு கல்வெட்டு, நாகத்தரனைச் சேர்ந்த ஒருவன் ‘பெங்களூரு காளக’த்தில் இறந்ததைக் கூறுகிறது. காளகம் என்றால் போர். ஊர்ப்பெயரின் மிகப் பழைய சான்று இதுவே. இக்கல்வெட்டுக்கு மிகவும் பிற்பட்ட போசள மன்னன் வீரவல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் ‘பெந்தகாளூரு’ என்ற பெயர் வந்தது என்னும் கதை இதனால் அடிபட்டுப் போகிறது.

பெங்களூர் கஸ்தூரிபா சாலையில் 1877இல் கட்டப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் வீரக்கல் வைக்கப்பட்டுள்ளது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டதைச் சொல்லும் ஆதக்கூர்க் கல்லும் இங்கேதான் இருக்கிறது. நகரின் பிற கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டி முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வருகிறது.