எழுத்துச் சீர்திருத்தமும் கட்டற்ற மென்பொருளும்: கேரளம் காட்டும் வரலாறு

முன்னுரை

கட்டற்ற மென்பொருளின் பயன்களை எடுத்துரைப்போர் அதன் விலையின்மையையே பெரும்பாலும் முதற்கண் சுட்டுவர். ஆயின் ஒரு மொழிச் சமூகத்திற்கு அதனினும் பெரும்பயன் தருவது, மூலநிரலைப் படித்தும் திருத்தியும் பகிர்ந்தும் கொள்ளும் உரிமையேயாகும். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் அடிப்படையும் இவ்வுரிமையே. மலையாள எழுத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறிக்கு வளைந்த எழுத்து

மலையாளத்தில் கூட்டெழுத்துகள் மிகுதி. தட்டச்சுப் பொறியும் அச்சுக்கோப்பும் அவற்றைத் தாங்க இயலாமையால், 1971-இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. உகர, ஊகாரக் குறிகள் மெய்யெழுத்தினின்று பிரிக்கப்பட்டன; கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலை இட்டுப் பிரித்தெழுதப்பட்டன. தமிழிலும் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறந்தது. ஆனால் அது ணா, றா, னா, லை, ளை போன்ற சில வடிவங்களையே ஒழுங்குபடுத்தியது. மலையாளத்தில் நிகழ்ந்த மாற்றமோ எழுத்தின் தோற்றத்தையே மாற்றியமைத்தது. பொறியின் குறைபாடு மொழியின் விதியாயிற்று எனலாம்.

மீட்சி முயற்சி

கணினியின் வரவால் அப்பழைய தடை நீங்கியது. எனினும் சீர்திருத்த வடிவமே கணினியிலும் தொடர்ந்தது. இந்நிலையில் 1999-இல் 'ரசனா அக்ஷரவேதி' என்னும் குழு மரபு வடிவங்களை மீட்கும் இயக்கத்தைத் தொடங்கியது. ஆர்.சித்ரஜகுமாரும் கே.எச்.ஹுசைனும் இதில் முன்னின்றனர். இக்குழுவின் ரசனா எழுத்துரு பின்னர் ஒருங்குறிக்கு ஏற்ப அமைக்கப்பட்டுக் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது.

இங்கு ஒருங்குறியின் இயல்பு ஒன்றைக் கருதுதல் வேண்டும். அது அடிப்படை எழுத்துகளுக்கே குறியெண் வழங்குகிறது. கூட்டெழுத்தின் வடிவத்தை எழுத்துருவும் எழுத்தமைவு நிரலும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரே பனுவலை மரபு வடிவிலும் புதுவடிவிலும் காட்ட இயலும். அந்நிரலில் பிழை நேரின் அதனைத் திருத்துவார் யார் என்பதே வினா. மூலநிரல் மூடப்பட்டிருப்பின் நிறுவனத்தின் விருப்பத்திற்காகக் காத்திருத்தல் வேண்டும்; திறந்திருப்பின் மொழி அறிந்தவரே திருத்தலாம். 2002-இல் தோன்றிய 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு இவ்வழியிலேயே எழுத்துருக்களையும் மொழிக்கருவிகளையும் உருவாக்கிப் பேணியது.

கல்விக்கூடத்தில்

2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே கேரளப் பள்ளிகளில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் உருப்பெற்றது. தொடக்கத்தில் தனியுரிம மென்பொருளையே சார்ந்திருந்த பாடத்திட்டத்தை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. அதன் விளைவாகப் பள்ளிகள் படிப்படியாகக் குனூ லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறின. உரிமக் கட்டணம் மிஞ்சியது ஒரு பயன். பாடத்திற்கேற்ற மென்பொருள்களைத் தொகுத்து, அதே தொகுப்பை எல்லாப் பள்ளிகளுக்கும் தடையின்றிப் படியெடுத்து வழங்க முடிந்தது மற்றொரு பயன். ஆசிரியர் பயிற்சியின்றி இம்மாற்றம் நிலைத்திராது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று.

முடிவுரை

2022-இல் கேரள அரசு மரபு வடிவங்கள் சிலவற்றை மீண்டும் ஏற்க முடிவுசெய்தது. மொழியறிஞர், அரசு, எழுத்தாளர் எனப் பலர் இம்முடிவிற்குக் காரணராவர். மென்பொருள் மட்டுமே காரணமன்று. எனினும் அவ்வடிவங்களைக் கணினியில் எழுதிக் காட்ட வல்ல எழுத்துருக்கள் யாவரும் பயன்படுத்தும் உரிமையுடன் முன்னரே ஆயத்தமாக இருந்தன. 1971-இல் பொறிக்கேற்ப எழுத்து வளைந்தது. மூலநிரல் திறந்திருக்குமிடத்தில் எழுத்திற்கேற்பப் பொறியை வளைக்க இயலும். ஆயின் உரிமை தானே பணியாற்றாது. அதனைக் கையாளும் மொழியறிவும் நிரலறிவும் ஒருங்கே பெற்றோர் வேண்டும். பல்கலைக்கழக மொழித்துறைகள் கருத்திற்கொள்ள வேண்டிய கடமை இதுவேயாகும்.